நாற்காலி மூன்று

ஃபஹாஹீலில், பணம் அனுப்பும் கடைக்கு மேலே
இரண்டாவது மாடியில் கிளினிக்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவேன்,
ஏணி, மல்டிமீட்டர், பை நிறைய மாற்றுப் பொத்தான்களோடு.
படுத்துக் கிடக்கிற இடமில்லை இது.
வருவார்கள், ஊசி, கட்டு, ஒரு பாட்டில் சலைன்,
மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.
இதற்கெல்லாம் எதற்கு அழைப்பு மணி என்று
கணக்குப் பிரிவில் வருடாவருடம் கேட்கிறார்கள்.

முதலில் கழிப்பறை.
சிவப்புக் கயிறு தரைக்கு நான்கு விரல்கடை மேலே
தொங்க வேண்டும்.
நிற்கிறவனுக்கு அல்ல அது,
விழுந்தவனுக்கு.
துடைக்கும்போது நனைகிறதென்று தில்பகதூர்
சுருட்டி முழங்கை உயரத்தில் முடிச்சுப் போட்டுவிடுவான்.
நான் அவிழ்ப்பேன். அவன் போடுவான்.
நான்கு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை
இந்த முடிச்சு மட்டும்தான்.
இந்த முறை கயிற்று நுனிக்கு
ஒரு பாலிதீன் உறை மாட்டியிருந்தான்.
தோற்றது அவனா நானா தெரியவில்லை,
கயிறு கீழே தொங்குகிறது.

பிறகு விளக்குகள்.
வாசலுக்கு மேலே சிவப்பு என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள்.
பச்சை என்றால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று
(ஊரில் இப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள்).
மேசையில் உட்கார்ந்தபடி அழைப்பை அணைக்க முடியாது,
அப்படித்தான் கம்பி இழுத்திருக்கிறேன்.
கூப்பிட்டவர் பக்கத்தில் போய்
அவர் தலைமாட்டுச் சுவரில்தான் அணைக்க வேண்டும்.
சத்தம் மண்டையைப் பிளக்கிறது,
இங்கேயே ஒரு பொத்தான் வைத்துக் கொடு மோனே என்று
லிஸ்ஸி சிஸ்டர் எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டார்.
விதி சிஸ்டர், முடியாது என்பேன்.
சொல்லிவிட்டு, சட்டைப்பையில் அதிரும் போனை
யாரென்று பார்க்காமலே அமுக்கி நிறுத்துவேன்.
சாத்தூர் இங்கிருந்து மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

கடைசியில் பதிவு.
பெட்டி எதையும் மறப்பதில்லை.
அறை இரண்டு, 11.42, நான்கு நிமிடம் கழித்து அணைந்தது.
அறை ஐந்து, ஒரே காலையில் ஒன்பது தடவை:
குழந்தையாக இருக்கும்.
சலைன் ஏற்றும் கூடத்தில் ஒன்று, இரண்டு, நான்கு,
நாளுக்கு ஐந்தாறு.
நாற்காலி மூன்று, ஆறு மாதமாக ஒன்றுமே இல்லை.

கம்பி அறுந்திருக்கும் என்றுதான் போனேன்.
ஜன்னல் வெயில் விழுகிற மூலை.
கம்பெனி அட்டைக்காரர்களை உட்காரவைக்கும் இடம்.
நீல உடுப்பில் உப்புக்கோடு காய்ந்த ஒருவர்,
மார்பில் சவரிநாயகம் என்று அட்டை,
பொத்தானை உள்ளங்கையில் ஏந்தியிருந்தார்,
முட்டையைப் பிடிப்பதுபோல, அமுக்காமல்.
பாட்டில் காலி.
குழாயில் அவர் ரத்தமே ஒரு சாண் மேலேறி நின்றது.

என் போனில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"அண்ணே, இதை ஒருவாட்டி அமுக்கினா எவ்வளவு?"

ஒரு முனைக்குக் கம்பி, பெட்டி, கூலி
எல்லாம் சேர்த்துப் பதினெட்டு தினார்,
அது எனக்கு மனப்பாடம்.
இந்தக் கேள்விக்கு என்னிடம் விலைப்பட்டியல் இல்லை.
அவர் கட்டைவிரல்மேல் என் விரலை வைத்து அமுக்கினேன்.

சிவப்பு.
லிஸ்ஸி சிஸ்டர் ஓடி வந்தார்.
குழாயைப் பார்த்து நாக்கைக் கடித்து,
திருகை மூடி, மலையாளத்தில் அவரைத் திட்டி,
நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச்
சுவரில் அணைத்தார்.
"டெஸ்ட்டா?" என்றார் என்னிடம்.
சவரிநாயகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"டெஸ்ட்தான்" என்றேன்.

லேபிள் துண்டு ஒன்றைக் கிழித்துப் பொத்தானுக்கு மேலே ஒட்டினேன்:
இதுக்குக் காசு கிடையாது.
எனக்குத் தெரிந்த இந்தியில் கீழே ஒரு வரி.
நேபாளிக்குத் தில்பகதூரைத் தேடிப் போனேன்.
வாளியைக் கீழே வைத்தான்,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
என்ன எழுதணும் என்று கேட்டான்.

வங்காளத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.